இரத்தினபுரிக் கந்தோரிலிருந்து பிரான்ஸ் போர்முனைக்கு



இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில் வாழ்பவராயின், விடியற்காலையில் பால்வெட்டப் போகிறவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். இறப்பர் மரத்தைக் கத்தி கீறிய வழியே வெண்பால் ஊறிச் சிரட்டையிற் சொட்டுச் சொட்டாக விழும். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவைச் சுட்டெரித்த பெரும் போருக்கும் இந்தப் பாலுக்கும் தொடர்புண்டு. போர்முனைக்கு ஆட்களையும் வெடிமருந்தையும் சுமந்து சென்ற லொறிகளின் சக்கரங்களுக்கு இறப்பர் வேண்டியிருந்தது. அது கப்பல் கப்பலாக இங்கிருந்து போயிற்று. இறப்பருடன் மனிதர் சிலரும் போயினர். அவர்களுள் திரும்பி வராத ஒருவரைப் பற்றியே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் பசில் ஆர்தர் ஹோர்ஸ்போல். 1887ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 4ஆந் திகதி கொழும்பிலே பிறந்தவர். அந்நாளில் முகத்துவாரத்தில் இருந்த புனித தோமையார் கல்லூரியிற் கல்வி பயின்றார். இன்று கல்கிசையில் நாம் காணும் கல்லூரி அதுவேயாகும். பின்னர் இங்கிலாந்து சென்று, மார்லோ என்னும் சிற்றூரில் உள்ள சேர் வில்லியம் போர்லேஸ் பாடசாலையிற் படித்தார். படிப்பு முடிந்ததும் பிறந்த நாட்டுக்கே திரும்பி வந்தார்.

அது இறப்பரின் பொற்காலம். பிரேசில் நாட்டு விதையிலிருந்து கிளம்பிய கன்றுகள் 1876ஆம் ஆண்டில் கம்பகா ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நாட்டப்பட்டன. முப்பது ஆண்டுகளுள் சப்பிரகமுவாவின் குன்றுகளெங்கும் இறப்பர் பரவிவிட்டது. காடுகள் வெட்டப்பட்டன, லயங்கள் எழுந்தன, தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கங்காணிமாருடன் வந்து சேர்ந்தனர். இளைஞர் ஹோர்ஸ்போலும் இறப்பர்த் தோட்டத்துறையிலேயே தொழில் தொடங்கினார். பின்னர் அதை விட்டு, அரசாங்கத்தின் பொதுவேலைப் பகுதியிற் சேர்ந்து இரத்தினபுரியிற் கணக்கு வேலை பார்த்தார். பாதைகளும் பாலங்களும் அரசாங்கக் கட்டடங்களும் அப்பகுதியின் பொறுப்பு. களுகங்கை பெருகும் ஊரில் அந்தப் பொறுப்பு எத்தகையது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு நேரத்தில் இலங்கைப் பொறியியற் படை என்னும் தொண்டர் படையிலும் அவர் பயிற்சி பெற்றார்.

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் போர் மூண்டது. அதே ஆண்டு அக்டோபரில் இலங்கைத் தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் கொழும்பிற் கப்பலேறி எகிப்துக்குச் சென்றனர். அவர்களிற் சிலர் 1915இல் கலிப்பொலிக் கரையில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தலைமையகத்துக்குக் காவலாக நின்றனர். அவுஸ்திரேலியர் இன்றும் கண்ணீருடன் நினைவுகூரும் அந்தக் கரையில் நம் மலைத் தோட்டங்களிலிருந்து சென்றவர்களும் மாண்டனர்.

வாசகர்களே, இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். 1916ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் வந்தது. அச்சட்டம் இலங்கையிலுள்ளவரைக் கட்டுப்படுத்தவில்லை. இரத்தினபுரியிற் கணக்கேடுகளுடன் இருந்த ஹோர்ஸ்போலை எவரும் கைப்பிடித்து இழுக்கவில்லை. அவர் தாமாகவே 1916இல் வேலையை விட்டுக் கப்பலேறினார். அவ்வாண்டின் இறுதியில் கிழக்கு லங்காஷயர் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். பின்னர் அப்படைப்பிரிவின் 11ஆவது பட்டாளத்துக்கு அனுப்பப்பட்டார்.

அந்தப் பட்டாளத்தின் கதை துயரமானது. அக்ரிங்டன் என்னும் பஞ்சாலை நகரிலும் அயலூர்களிலுமிருந்து நண்பர்களும் சகோதரர்களும் ஒன்றாகச் சேர்ந்த படை அது. 1916 ஜூலை 1ஆந் திகதி சொம் போரில், செர் என்னும் கிராமத்தை நோக்கி ஏறத்தாழ 700 பேர் எழுந்து நடந்தனர். அரை மணி நேரத்துள் அவர்களில் 235 பேர் மாண்டனர். 350 பேர் காயமுற்றனர். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி எழுந்தது. அப்படி வெறுமையான வரிசைகளை நிரப்ப வந்தவர்களுள் ஒருவரே நம் இரத்தினபுரிக் கணக்காளர்.

1918 மார்ச் 21ஆந் திகதி ஜேர்மனியர் தம் வலிமையெல்லாம் திரட்டி மாபெருந் தாக்குதலைத் தொடுத்தனர். பிரித்தானியப் படைகள் நாளுக்கு நாள் பின்வாங்கின. மார்ச் 27ஆந் திகதி முவான்வில், அப்லென்செவெல் என்னும் இரு பிரெஞ்சுக் கிராமங்களுக்கிடையே நடுவிலிருந்த அணி ஹோர்ஸ்போலின் பொறுப்பில் இருந்தது. எதிரியின் முதல் மோதலிலேயே முன்னணியிலிருந்த அவருடைய மூன்று சிறு குழுக்களும் பின்தள்ளப்பட்டன. அவர் தலையிற் காயம்பட்டார். ஆயினும் எஞ்சிய வீரர்களைச் சேர்த்து எதிர்த்துத் தாக்கி, இழந்த இடத்தை மீட்டார்.

காயத்துக்கு மருந்திட அவர் பின்னே போயிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் தம் கொம்பனியின் மற்ற மூன்று அதிகாரிகளில் இருவர் இறந்துவிட்டனர், ஒருவர் காயமுற்றார் என்ற செய்தி அவருக்குக் கிடைத்தது. தாமும் போய்விட்டால் அந்த வீரர்களுக்கு யார் இருக்கிறார்கள்? அவர் போக மறுத்துவிட்டார். பின்னர் பீரங்கிக் குண்டுகள் மழையாகப் பொழியவே, அணியைச் சற்றுப் பின்னே கொண்டு சென்றார். குண்டுவீச்சு ஓய்ந்ததும் மீண்டும் தாக்கி, இரண்டாம் முறையும் அதே இடத்தைப் பிடித்தார். இறுதியிற் பின்வாங்கும்படி கட்டளை வந்தது. எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாகவே அவர் இடத்தை விட்டு நீங்கினார். சோர்ந்து போயிருந்தும், தேவைப்பட்டால் இன்னும் தாங்கியிருக்கலாம் என்றே சொன்னார். பின்னணிக்குத் திரும்பும் வழியில் குண்டு அவர் உயிரைக் குடித்தது. அப்போது அவருக்கு வயது 30.

1918 மே மாதத்தில், பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதாகிய விக்டோரியா சிலுவை அவருக்கு அளிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அவருக்குக் கல்லறை இல்லை. பிரான்சில் பொசியர் என்னுமிடத்திலுள்ள நினைவுச் சுவரில், கல்லறையற்ற 14,000க்கும் மேற்பட்டவர்களுடன் அவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

அவர் இருமுறை மீட்ட நிலம் பின்னர் எதிரியின் கையிற் போய்விட்டது. எட்டு மாதங்கள் நிறையுமுன், நவம்பர் 11ஆந் திகதி, போரே முடிந்தது. அப்படியானால் அவர் சாவு வீணா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். போரைப் புகழ்வதற்காக நாம் இதை எழுதவில்லை. நண்பர்களையும் சகோதரர்களையும் அரை மணி நேரத்தில் அள்ளிச் சென்ற போரில் புகழ்வதற்கு என்ன இருக்கிறது? ஆனால் மூன்று பேரின் பொறுப்பு ஒருவர் தலையில் விழுந்தபோது, காயம்பட்ட அந்தத் தலையை அவர் திருப்பிக்கொள்ளவில்லை. நிலம் போயிற்று; அவரை நம்பி நின்ற வீரர்கள் அவருக்கு முன்னே புறப்பட்டுச் சென்றார்கள். அது வீண் என்று யார் சொல்வார்?

வாசகர்களே, நமக்குப் போர்முனை இல்லை. ஆனால் குடும்பத்திலும் தோட்டத்திலும் கந்தோரிலும், மற்றவர்கள் விழுந்தபின் தனியே நின்று சுமக்க வேண்டிய நாள் நம் எல்லோருக்கும் வரும். அடுத்தமுறை இரத்தினபுரிப் பாதையில் இறப்பர் மரங்களினூடே பஸ் செல்லும்போது, அங்கிருந்து போய்க் கடைசியாகவே களத்தை விட்டு நீங்கிய அந்தக் கணக்காளரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.