காஸ்தோன் பிளாந்தே

விடியற்காலையில் மாணவரொருவர் வகுப்பிற்கு விரைந்து புறப்பட்டுத் தம் மோட்டார் சைக்கிளின் பொத்தானை அழுத்துகின்றார். யந்திரம் ஒரு முறை முனகிவிட்டு அடங்கிவிடுகின்றது. உடனே அவர் பாட்டரியை நொந்துகொள்கின்றார். நாம் இங்ஙனம் அடிக்கடி நொந்துகொள்ளும் அச்சிறு பெட்டியின் பின்னே ஓர் அறிஞரின் அரும்பெரு முயற்சி மறைந்து கிடக்கின்றது. அவரே மின்சார நூல் வல்லார் யாவரும் போற்றும் காஸ்தோன் பிளாந்தே என்பவர். அவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

பிளாந்தே பிரான்சு தேசத்தின் தென்பகுதியிலுள்ள ஓர்தேஸ் என்னும் ஊரில் 1834-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ஆம் தேதி பிறந்தார். இவருடைய இளைய சகோதரர் பிரான்ஸிஸ் பிளாந்தே பியானோ வாசிப்பதில் பெரும்புகழ் ஈட்டியவர். காஸ்தோனோ இயற்கை நூலிலேயே மனத்தைச் செலுத்தினார். 1854-ல் பாரிஸ் மாநகரத்துத் தொழிற்கலைக் கழகத்தில் எட்மண்ட் பெக்கரெல் என்னும் பேராசிரியரிடம் பௌதிக சாஸ்திர உதவியாளராக அமர்ந்தார். அடுத்த ஆண்டே பாரிஸுக்கு அருகிலுள்ள மெதோன் என்னுமிடத்தில், பறக்கவியலாத பெரும்பறவையொன்றின் புராதன எலும்பைக் கண்டெடுத்தார். அப்பறவையினத்திற்கு இவர் பெயரைத் தழுவியே காஸ்தோர்னிஸ் என்று பெயரிட்டனர். 

இவரை உலகறியச் செய்தது அவ்வெலும்பு அன்று. அக்காலத்து மின்சாரம் பெறும் வழியை நாம் நினைவு கூர்தல் வேண்டும். இத்தாலிய அறிஞர் வோல்டா 1800-ல் உலகிற்கு அறிவித்த மின்னடுக்கும், அதன் வழிவந்த கலங்களும் உலோகத்தைத் தின்று மின்சாரம் தந்தன. உலோகமும் திராவகமும் தீர்ந்தவுடன் மின்சாரமும் தீர்ந்தது. அவற்றைப் புதிதாக இட்டாலன்றிக் கலம் உயிர் பெறாது. கொடுத்த மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது திருப்பித் தரும் கலமொன்று உண்டாயின் எத்துணை நன்மை பயக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

பிளாந்தே பல உலோகத் தகடுகளை நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் இட்டு, மின்சாரத்தைச் செலுத்தி, பின்னர் அவை திருப்பித் தருவதை ஒப்பிட்டு ஆராய்ந்தார். பொன், வெள்ளி முதலிய உயர்ந்த உலோகங்களை எல்லாம் விஞ்சி, எளிய காரீயமே இத்தொழிலுக்கு ஏற்றதெனக் கண்டார். 1859-ல் இரண்டு ஈயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாதபடி இடையே தடுப்பு வைத்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, திராவகம் நிரம்பிய கண்ணாடிக் கலத்தில் அமிழ்த்தினார். மின்சாரம் பாயவே ஒரு தகட்டின்மேல் பழுப்பு நிறமுள்ள ஈய ஆக்ஸைடு படிந்தது. மற்றது வெறும் ஈயமாகவே நின்றது. மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும்போது இரண்டும் ஈய ஸல்பேட்டாக மாறின. மீண்டும் செலுத்தவே பழைய நிலையை எய்தின. இத்தகைய ஒன்பது கலங்களை இணைத்து 1860-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தார் முன்னர் வைத்தார்.

எனினும் இடர்ப்பாடுகள் இரண்டு இருந்தன. முதலாவது, புதிய தகடுகள் மிகச் சிறிதளவு மின்சாரத்தையே ஏற்றன. அவற்றில் மின்சாரத்தை ஏற்றியும் இறக்கியும், திசை மாற்றி மீண்டும் ஏற்றியும், நாட்கணக்காகவும் மாதக்கணக்காகவும் பழக்கிய பின்னரே அவை மிகுதியாகக் கொள்ளத் தொடங்கின. இரண்டாவது, கலத்தை நிரப்புவதற்கு வேறு கலங்களே வேண்டியிருந்தன. பிளாந்தே புன்ஸன் கலங்களைக் கொண்டே தம் கலங்களை நிரப்பினார். விலையுயர்ந்த கலத்தினின்று மற்றொரு கலத்திற்கு மாற்றுவதால் யாது பயன் என்று பலர் எண்ணுவது இயல்பே. ஆண்டுகள் பல சென்றும் அவருடைய கண்டுபிடிப்பு பெரும்பாலும் ஆராய்ச்சிச் சாலையிலேயே தங்கிவிட்டது. அவரோ மனந்தளர்ந்து அதைக் கைவிட்டாரல்லர்.

காலம் கனிந்தது. 1871-ல் கிராம் என்பவர் தமது டைனமோவை வெளியிட்டார். யந்திர சக்தியால் மலிவாகவும் இடைவிடாமலும் மின்சாரம் கிடைக்கவே, அதைச் சேமிக்கும் கலத்தின் அருமை வெளிப்பட்டது. 1881-ல் காமில் ஃபோர் என்பவர் ஈயத் தகட்டின்மேல் ஈயச் சிந்தூரத்தைக் களிம்பாகப் பூசி, மாதக்கணக்கில் பழக்கும் தொல்லையைப் பெரிதும் குறைத்தார். அதன்பின் ஈயக் கலங்கள் தொழிற்சாலைகளிற் பெருகின.

பிளாந்தே தம் ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1879-ல் நூலாக வெளியிட்டார். தம் கலங்கள் பலவற்றைத் தொடராக இணைத்து மிக்க அழுத்தமுள்ள மின்சாரத்தை உண்டாக்கி, வானத்து மின்னலின் இயல்பையும் ஆராய்ந்தார். 1889-ல், தமது 55-ஆம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இன்று நம் மோட்டார் சைக்கிள்களிற் பலவற்றில் உள்ளது அவருடைய ஈயக் கலத்தின் வழித்தோன்றலே. ஏறத்தாழ 2 வோல்ட் தரும் ஆறு அறைகள் தொடராக நின்று 12 வோல்ட் ஆகின்றன. புதிய பாட்டரி வாங்குவோர் வண்டியின் கைந்நூலிற் கூறிய வோல்ட்டும் ஆம்பியர்-மணி அளவும் பொருந்துகின்றனவா, பெட்டி தன் இடத்தில் அமருமா, நேர்முனையும் எதிர்முனையும் உரிய பக்கங்களில் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். வாங்குவதோடு கடமை முடிந்துவிடாது. நிறைந்த ஈயப் பாட்டரி, வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின் வோல்ட்மானியில் சுமார் 12.6 முதல் 12.8 வரை காட்டும். யந்திரத்தை ஓட்டி வேகத்தைச் சிறிது உயர்த்தினால் அம்முள் ஏறத்தாழ 13.5-க்கும் 14.5-க்கும் இடையே ஏறி நிற்றல் வேண்டும். ஏறாதாயின் பாட்டரியின்மேற் பழி சுமத்துமுன் முனைகளின் இறுக்கத்தையும், கம்பிகளையும், மின்னாக்கியையும், அதன் ஒழுங்குபடுத்தும் கருவியையும் சோதித்தல் முறை. 15-ஐக் கடந்து ஏறுமாயின் அதுவும் கேடே. பாட்டரி வெந்து கெடும். வெறுமையாகவே நெடுநாள் கிடந்தாலோ தகடுகளில் ஸல்பேட்டு கடினப்பட்டு, பின்னர் மின்சாரத்தை ஏற்காது போய்விடும்.

பிளாந்தேயின் கலத்திற்கு ஒரு டைனமோ இன்றியமையாததாயிருந்ததை மறந்தவர்களே, நிரப்புவாரில்லாத பாட்டரியை மாற்றி மாற்றிப் பொருளை இழக்கின்றனர். வேதத்திற் கூறிய பத்துக் கன்னியருட் புத்தியில்லாதோர் கையிலும் தீவட்டி இருந்தது; எண்ணெய்தான் இல்லை. கல்லூரி வாழ்வும் இத்தகையதே. ஒரே இரவிற் படித்தேற்றுவது தங்குவதில்லை. நாடோறும் சிறிது சிறிதாக ஏற்றியும் பயன்படுத்தியும் பழக்கிய உள்ளமே, பிளாந்தேயின் ஈயத் தகடு போல, மேன்மேலும் கொள்ளும் ஆற்றல் பெறுகின்றது. அவர் பொறுமையை நாமும் கைக்கொள்வோமாக.