வாழைப்பழ கெட்சப் தந்த மரியா ஒரோசா... யார் இவர்?

பிலிப்பைன்ஸில் ஸ்பகெட்டி இனிக்கும். அங்கே அதில் ஊற்றுவது பெரும்பாலும் வாழைப்பழ கெட்சப். பார்க்க தக்காளி கெட்சப் மாதிரியே சிவப்பாக இருக்கும். அது கலர் சேர்த்ததால் வந்த சிவப்பு. தக்காளி எளிதில் கிடைக்காத நாட்டில், வீட்டுக்கு வீடு விளையும் வாழைப்பழத்தை வினிகர், சர்க்கரை, மசாலாவோடு சேர்த்து கெட்சப் ஆக்கலாம் என்று காட்டியவர் மரியா ஒரோசா. ஆனால் அவரை ஒரு கெட்சப் பாட்டிலோடு முடித்துவிட்டால் அது அநியாயம்.

அலாஸ்கா ஆலையில் மாணவி

படாங்காஸ் மாகாணத்தின் தால் ஊர்க்காரர். 1916ல் கடல் தாண்டி அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் போனார். பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் காலனி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியல், உணவு வேதியியல் படித்தார். செலவுக்குக் காசு வேண்டுமே? கோடை விடுமுறைகளில் அலாஸ்கா போய், மீனை டின்னில் அடைக்கும் ஆலைகளில் வேலை பார்த்தார். சீக்கிரம் கெட்டுப்போகிற பொருளை மாதக்கணக்கில் காப்பது எப்படி என்பதை வகுப்பறையைவிட அந்த ஆலைதான் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

படித்து முடித்ததும் வாஷிங்டன் மாநில அரசில் உதவி வேதியியலாளர் வேலை வந்தது. ஆசியாவிலிருந்து வந்த பெண்ணுக்கு அந்தக் காலத்தில் சுலபமாகக் கிடைக்கிற இடமில்லை அது. ஆனாலும் 1922ல் ஊர் திரும்பிவிட்டார்.

மண்பானையே ஓவன்

மாம்பழமும் வாழையும் கலமான்சி எலுமிச்சையும் காய்த்துக் குலுங்கும் நாடு. கடையில் விற்பதோ வெளிநாட்டு டின் உணவு. இதை மாற்றுவதுதான் மணிலா அரசு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த ஒரோசாவின் வேலையாகிப்போனது. உள்ளூர்ப் பழங்களைப் பதப்படுத்தினார், கலமான்சியைப் பொடியாக்கினார், மரவள்ளியிலும் வாழையிலும் மாவு எடுத்தார்.

ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. கிராமத்தில் கரண்டே இல்லை, ஓவனுக்கு எங்கே போவது? வீட்டில் இருக்கும் மண்பானையையே ஓவனாக மாற்றிக் கொடுத்தார். அடுப்பில் வைத்து ரொட்டியும் கேக்கும் சுடலாம். ஊர் ஊராகப் பெண்கள் மன்றங்கள் அமைத்து கோழி வளர்ப்பு, ஊறுகாய் போடுவது, சத்தான சாப்பாட்டைத் திட்டமிடுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள் இவரும் இவர் குழுவும். 700க்கும் மேற்பட்ட சமையல் குறிப்புகளை உருவாக்கியவர் இவர் என்கிறார்கள்.

தவிட்டில் உயிர்

1941 டிசம்பரில் ஜப்பான் படையெடுத்தது. மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக வளாகம் சிறை முகாமாக மாறியது. உள்ளே ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களும் மற்ற வெளிநாட்டவரும் பட்டினி கிடந்தார்கள். தீட்டிய அரிசியையே நம்பியிருந்தால் வைட்டமின் பி1 குறைந்து பெரிபெரி நோய் வரும். அந்தச் சத்து இருப்பது நாம் மாட்டுக்குப் போடும் தவிட்டில். ஒரோசா தவிட்டில் பிஸ்கட் செய்தார். சோயாவை அரைத்து 'சோயாலாக்' என்ற சத்துப்பொடி தயாரித்தார். இரண்டும் முகாமுக்குள் ரகசியமாகப் போயின, மூங்கில் கழிகளின் உள்ளே அடைக்கப்பட்டு. ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாப் படையில் அவருக்கு கேப்டன் பதவி வேறு.

1945ல் மணிலாவைச் சண்டை நெருங்கியபோது ஊருக்கு வந்துவிடும்படி குடும்பத்தார் கெஞ்சினார்கள். வேலையை விட்டு வர மறுத்துவிட்டார். பிப்ரவரி 3 அன்று அமெரிக்கப் படை முகாமை மீட்டது. சரியாகப் பத்தாவது நாள், நகரை மீட்க அதே படை நடத்திய ஷெல் தாக்குதலில் ஒரோசா காயமடைந்தார். ரெமேதியோஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவமனை மீதும் ஷெல் விழுந்தது. சிதறிய துண்டு ஒன்று அவர் உயிரைப் பறித்தது. சுமார் ஒரு மாதம் நீடித்த அந்தச் சண்டையில் இறந்த பொதுமக்கள் சுமார் 1 லட்சம் பேர். அவர்களில் பலரைப் போலவே ஒரோசாவையும் அவசரமாகத்தான் புதைத்தார்கள்.

மணிலாவில் இன்று அவர் பெயரில் ஒரு தெரு உண்டு. 2019 நவம்பர் 29 அன்று, அவர் பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் போட்டது. அவரது கல்லறைக் கல் கிடைத்தது அதற்கும் பிறகு, 2020ல், மருத்துவமனை இருந்த மலாத்தே பகுதியின் பள்ளி வளாகம் ஒன்றில்.