தம் மாணவரின் பின்னே சென்ற பயிற்றுநர்

1925ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள். ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள நோட்டர்டாம் பல்கலைக்கழக வளாகத்தில், மரக்குற்றிகளால் கட்டப்பட்ட சிறிய ஆலயமொன்றில் முப்பத்தேழு வயதுடைய ஒருவர் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். திருமுழுக்கு வழங்கியவர் திருச்சிலுவைச் சபையின் அருட்தந்தை வின்சென்ற் மூனி. பெற்றவரோ அந்நாட்டின் பட்டிதொட்டியெங்கும் பெயர் தெரிந்த மனிதர்; அப்பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்டப் பயிற்றுநர் நூட் றொக்னி.

கத்தோலிக்க நிறுவனமொன்றிலே பதினைந்து ஆண்டுகள் படித்தும், பணியாற்றியும் வந்த ஒருவர், அதுவரை கத்தோலிக்கராக இருக்கவில்லை என்பது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அவர் 1888ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் நோர்வே நாட்டின் வொஸ் என்னும் ஊரில் லூத்தரன் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தையார் வண்டிகள் செய்யும் கைவினைஞர். 1893ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியையொட்டி அவர் அமெரிக்கா சென்றார். ஐந்து வயதுச் சிறுவனான நூட் உட்பட அவரது குடும்பமும் அங்கேயே குடியேறியது. வளர்ந்த பின் தபால் நிலையத்தில் வேலை பார்த்துப் பணம் சேமித்த றொக்னி, 1910ஆம் ஆண்டு, ஏனைய மாணவர்களை விட வயதில் மூத்தவராக, நோட்டர்டாமில் சேர்ந்தார். ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்து தமது செலவுகளைச் சமாளித்தார்.

1842ஆம் ஆண்டு அருட்தந்தை எட்வேர்ட் சொறின் தொடங்கிய அந்நிறுவனம், அக்காலத்தில் சில நூறு மாணவர்களையே கொண்டிருந்தது. அவர்களுட் பலர் அயர்லாந்து, போலந்து, ஜேர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளிலிருந்து குடியேறிய உழைக்கும் மக்களின் பிள்ளைகள். கத்தோலிக்கரை இரண்டாந்தரக் குடிகளாக நோக்கிய மனப்பான்மை அங்கு பரவலாக இருந்தது. சுற்றியிருந்த மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் தமது போட்டிச் சங்கத்தில் நோட்டர்டாமைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே அதன் அணி போட்டிகளைத் தேடி நாடு முழுவதும் தொடருந்தில் அலைய வேண்டியதாயிற்று. எங்கு சென்றாலும் அங்குள்ள எளிய கத்தோலிக்கத் தொழிலாளர்கள் அந்த அணியைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டனர். கதவை மூடியவர்களே அறியாமல் அந்தச் சிறு பல்கலைக்கழகத்தின் புகழுக்கு வழி திறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைப்பது நாம் அறிந்த ஆட்டமன்று. அது றக்பியை ஒத்தது. உடல் வலிமையால் மோதிப் பந்தை முன்னே கொண்டு செல்வது. பந்தை முன்னோக்கி எறிவதற்கு 1906ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தபோதும் பலர் அதனைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. றொக்னியும் அவரது தோழர் கஸ் டொறேயும் 1913ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒஹையோ மாநிலத்தின் ஏரிக்கரையொன்றில் வேலை செய்துகொண்டே மணலில் இந்த எறிதலைப் பயின்றனர். அவ்வாண்டு நவம்பர் முதலாம் நாள், சகல புனிதர் பெருவிழாவன்று, வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியின் வலிமைமிக்க அணியை 35 – 13 என்ற புள்ளிகளால் நோட்டர்டாம் வென்றது.

1914இல் பட்டம் பெற்ற றொக்னி, இரசாயனவியல் கற்பிப்பவராகவும் துணைப் பயிற்றுநராகவும் அங்கேயே தங்கினார். அவர் உதவியாளராக இருந்தது அருட்தந்தை ஜூலியஸ் நியூலண்டின் ஆய்வுகூடத்தில்; பிற்காலத்தில் செயற்கை இறப்பர் உருவாக வழிவகுத்தது இக்குருவின் ஆய்வே. அவ்வாண்டே பொனி ஸ்கைல்ஸ் என்ற பெண்ணை மணந்தார். நான்கு பிள்ளைகள் பிறந்தனர். 1918இல் தலைமைப் பயிற்றுநரானார். பதின்மூன்று பருவங்களில் 105 வெற்றிகள், 12 தோல்விகள், 5 சமநிலைகள்.

இவரைப் புனிதராகச் சித்திரிக்க நான் முற்படவில்லை. வெற்றிக்காக உண்மையை வளைக்கத் தயங்காதவர் அவர். 1922ஆம் ஆண்டுப் போட்டியொன்றின்போது, தம் சிறுமகன் கடும் நோயுற்று மருத்துவமனையில் இருப்பதாகத் தந்தி வந்ததென்று வீரர்களிடம் சொல்லி அவர்களது உள்ளத்தை உருக்கினார். வென்று ஊர் திரும்பியபோது அந்த மகன் நலமே வந்து வரவேற்றானாம்! 1926இல் எளிதில் வெல்லலாம் என்றெண்ணித் தம் அணியைத் துணைவரிடம் விட்டுவிட்டு, வேறொரு போட்டியைக் காணச் சிக்காகோ சென்றார். அன்று அவரது அணி 19 – 0 எனத் தோற்றது. 1920 டிசம்பரில் இருபத்தைந்து வயதில் நோயுற்று மறைந்த வீரர் ஜோர்ஜ் கிப், மரணப் படுக்கையில் தம்மிடம் விடுத்த வேண்டுகோள் என்று எட்டாண்டுகளின் பின் அவர் வீரர்களிடம் எடுத்துரைத்தது உண்மைதானா என்பதும் ஆய்வாளரிடையே ஐயத்துக்குரியது.

இத்தகைய மனிதரின் உள்ளத்தை அசைத்தது எது? நோட்டர்டாம் குருக்கள் அவரை மதம் மாறும்படி நெருக்கியதாகத் தெரியவில்லை. 1905ஆம் ஆண்டு திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், நற்கருணையை அடிக்கடி, நாள்தோறும் கூடப் பெறலாம் என ஊக்குவித்திருந்தார். பின்னாளில் பிலடெல்பியாவின் கர்தினாலாக உயர்ந்த அருட்தந்தை ஜோன் ஓஹாறா, அப்போது மாணவரின் ஆன்மீகப் பொறுப்பாளராக இருந்து, இப்பழக்கத்தை மாணவரிடையே வேரூன்றச் செய்தார். உதைபந்தாட்ட வீரர்களும் இதற்கு விலக்கல்லர். நள்ளிரவு முதல் நீரும் அருந்தாது நோன்பிருந்தே நற்கருணை பெறவேண்டிய காலம் அது என்பதை மூத்த வாசகர்கள் நினைவிற் கொள்வர்.

வெளியூர்ப் போட்டியொன்றின் நாளில், கவலையால் உறக்கம் வராத றொக்னி விடுதியின் முன்மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தாராம். பொழுது புலருமுன் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து வெளியே விரைந்தனர். எங்கே என வினவியபோது, திருப்பலிக்கு என்றனர். பயிற்றுநர் மட்டும் பின்தங்கி நிற்பது அழகன்று என்றெண்ணி அவரும் உடன் சென்றார். கடும் ஆட்டம் காத்திருக்க, உறக்கத்தைத் துறந்து அவர்கள் நற்கருணை வாங்க வரிசையாகச் சென்ற காட்சி தம்மைத் தொட்டதெனப் பின்னாளில் அவரே விவரித்துள்ளார். அவர்கள் எவருக்கும் போதிக்க வந்தவர்களல்லர். பயிற்றுநர் விழித்திருப்பார் என்பதைக்கூட அறியாதவர்கள். குருமட நாட்களில் அதிகாலை மணியோசைக்கு எழும்பச் சோம்பற்பட்டவன் என்ற முறையில், நான் இவ்விடத்தில் சற்றுத் தலைகுனிகிறேன்.

1924ஆம் ஆண்டு மே மாதம், கத்தோலிக்கரை வெறுத்த கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தினர் சவுத் பென்ட் நகரில் கூடியபோது மாணவர்கள் அவர்களுடன் மோதினர். பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை மத்தேயு வோல்ஷ் மாணவரை அமைதிப்படுத்தித் திரும்ப அழைத்தார். அவ்வாண்டு அணி தோல்வியே காணவில்லை. 1925 புத்தாண்டு நாளன்று கலிபோர்னியாவில் ஸ்ரான்போர்ட் அணியையும் வென்றது. அதே ஆண்டின் நவம்பரில்தான் நாம் தொடக்கத்திற் கண்ட திருமுழுக்கு. மறுநாட் காலை றொக்னி, தம் மகன் இளைய நூட்டின் அருகில் முழந்தாளிட்டு, தந்தையும் மகனுமாக முதல் நன்மை பெற்றுக்கொண்டனர். அன்று பிற்பகல் நோர்த்வெஸ்ரேர்ண் அணியுடன் போட்டி. பாதியாட்டத்தில் 10 – 0 எனப் பின்தங்கியிருந்த நோட்டர்டாம், இறுதியில் 13 – 10 என வென்றது. பயிற்றுநர் அன்று எதைப் பெரிதாக எண்ணி உறங்கச் சென்றாரோ, நாமறியோம்.

1929இல் காலில் இரத்தக் கட்டி ஏற்பட்டு, சக்கர நாற்காலியிலிருந்தே பயிற்சியளித்தார். புதிய விளையாட்டரங்கு கட்டப்பட்டு வந்ததால் அவ்வாண்டின் ஒன்பது போட்டிகளும் வெளியூர்களிலேயே நடந்தன; ஒன்பதிலும் வெற்றி. 1930இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் ஒரேயொரு பருவமே அவர் நின்றார்.

1931 மார்ச் 31, பரிசுத்த வாரச் செவ்வாய்க்கிழமை. திரைப்படமொன்றின் பொருட்டு லொஸ் ஏஞ்சல்ஸ் செல்லவிருந்த அவர், கன்சாஸ் சிற்றி நகரில் தங்கிப் படித்த தம் இரு மகன்களைச் சந்திக்க எண்ணினார். பிள்ளைகள் வந்த தொடருந்து தாமதமாயிற்று. காத்திருக்க நேரமின்றி விமானம் ஏறினார். கன்சாஸ் மாநிலத்தின் பசார் என்னும் சிற்றூரருகே, விமானத்தின் மரத்தாலான இறக்கை முறிந்து, அதிலிருந்த எட்டுப்பேரும் மாண்டனர். பெரிய சனிக்கிழமையன்று, வளாகத்திலுள்ள திரு இருதய ஆலயத்தில் பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை சாள்ஸ் ஓ'டொனெல் மறையுரையாற்ற, அடக்கச் சடங்கு நடைபெற்றது. அவரது பேழையைச் சுமந்து நடந்தவர்கள், 1930ஆம் ஆண்டு அணியின் ஆறு மாணவர்கள்.