நிலம் கேட்டு நடந்த துறவி

இக்கல்லூரியில் சேர்ந்த அன்று, விண்ணப்பத் தாளில் வீட்டு முகவரி எழுதும் இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. ஏரிக்கரைப் புறம்போக்கில் இருக்கும் எங்கள் குடிசைக்குக் கதவு எண் கிடையாது. ஏரி நிரம்பும் ஆண்டுகளில் குடிசையும் கிடையாது. பள்ளிக்கூடத் திண்ணையே வீடு. வீடற்றவர் என்றால் நகரத்து நடைபாதையில் படுத்திருப்பவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். கிராமத்து வீடற்றவர் எவர் கண்ணிலும் படுவதில்லை. தமக்கு உரிமையில்லாத மண்ணில் கூரை போட்டுக்கொண்டு, போ என்றால் போக வேண்டியவராய் வாழ்கிறார். இவ்வுண்மையை எனக்குத் தெளிவாக்கியது, நம் நூலகத்தில் படித்த ஆச்சாரிய வினோபா பாவேயின் வாழ்க்கை.

1895 செப்டம்பர் 11-இல் மராட்டிய மண்ணின் ககோதே கிராமத்தில் பிறந்த வினோபாவின் இயற்பெயர் விநாயக். 1916-இல் இண்டர்மீடியட் தேர்வெழுதப் பம்பாய்க்கு இரயிலேறியவர், வழியிலேயே மனம் மாறிக் காசிக்குச் சென்றார். அதே ஆண்டில் காந்தியடிகளை அடைந்தார். 1940-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்திற்கு அடிகள் தேர்ந்தெடுத்த முதல் வீரர் இவரே.

தெலங்கானாவில் நிலத்திற்காக இரத்தம் சிந்திய காலம் அது. 1951 ஏப்ரல் 18 அன்று, கால்நடையாகப் போச்சம்பள்ளி என்னும் சிற்றூரை அடைந்த வினோபா, அங்கிருந்த தாழ்த்தப்பட்ட மக்களைச் சந்தித்தார். உபதேசம் செய்யவில்லை, என்ன வேண்டும் என்று கேட்டார். நாற்பது குடும்பத்தாரும் உழைத்துப் பிழைக்க 80 ஏக்கர் நிலம் கேட்டனர். கூடியிருந்த ஊராரிடமே அவ்வேண்டுகோளை வைத்தார் வினோபா. இராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாக அறிவித்தார். பூதான இயக்கம் பிறந்தது!

அன்று தொடங்கிய நடை பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. 1956, 57-ஆம் ஆண்டுகளில் தமிழகத்துச் சாலைகளும் அக்கால்களைக் கண்டன. ஐந்து கோடி ஏக்கர் வேண்டும் என்று கேட்டவருக்கு நாற்பது இலட்சம் ஏக்கருக்கு மேல் கிடைத்தது. ஆனால் அதில் பாறையும் தரிசும் ஏராளம். வழக்கில் சிக்கியதும், எழுதிக் கொடுத்தும் ஏழையின் கைக்கு வராததும் உண்டு. 1982 நவம்பர் 15-இல் பவுனாரில் அவர் மறைந்தபோதும் அக்குறை தீரவில்லை. மறு ஆண்டில் அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

அவருடைய வெற்றி, தோல்வி இரண்டுமே எனக்குப் பாடம். வேண்டியது என்னவென்று ஏழையிடமே கேட்க வேண்டும் என்பது முதற்பாடம். கொடுப்பதாகச் சொன்ன நிலம் அவன் பெயரில் பதிவாகி, அவன் காலடியில் வரும்வரை கொடை முழுமையாகாது என்பது இரண்டாம் பாடம்.

என் தாய் மனைப்பட்டா கேட்டு மனு எழுதிக் கொடுத்துவிட்டு இன்றும் காத்திருக்கிறாள். மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் அலுவலர்களாய் அமரப் போகிறோம். அப்படியொரு மனு நம் மேசைக்கு வரும் நாளில், ஓரமாய் வைத்துவிடாமல், ஒருமுறை அந்த ஏரிக்கரைக்கு நடந்து போய்ப் பார்ப்போம். வினோபாவுக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுவே.