கடலின் நீலமும் சர். சி. வி. ராமனும்

கடல் ஏன் நீலம் என்று கேட்டால், வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிகிறது என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபுவும் அப்படித்தான் எழுதி வைத்தார்.

1888ல் திருச்சியில் பிறந்த ராமன், 1907ல் கல்கத்தாவில் கணக்கு இலாகா அதிகாரியானார். ஆபீஸ் நேரம் போக பௌபஜார் தெரு விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி. (குமாஸ்தாக்களான நமக்கு அந்த நேரத்தில் ரயிலைப் பிடிக்கவே தெம்பிருக்காது!) 1917ல் உத்தியோகத்தை உதறிவிட்டுக் குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார்.

1921ல் சீமையிலிருந்து கப்பலில் திரும்பும்போது ஒரு சிறிய பட்டகக் கண்ணாடி வைத்திருந்தார். நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் வான ஒளியை அதனால் விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. அப்படியானால் அது தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது! மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதை விடாமல் ஆராய்ந்தார். 1928ல் ராமன் விளைவைக் கண்டார். 1930ல் நோபல் பரிசு.

1933ல் டாட்டா இன்ஸ்டிடியூட் டைரக்டராகப் பெங்களூர் வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். முதுமையில் கண்ணையே ஆராயத் தொடங்கினார். வண்ணக் கண்ணாடிகள் வழியே பார்த்து, தம் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து, மூன்று அடிப்படை நிற உணர்வுகள் என்ற கொள்கையை மறுத்து 1968ல் நூலும் வெளியிட்டார். மற்ற விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

1970 நவம்பர் 21ல் காலமானார். மேக்ரி சர்க்கிள் அருகே, அவர் நிறுவிய கழகத்தின் தோட்டத்திலேயே தகனம் நடந்தது.