எட்வர்டு ஸ்டைக்கன்

எட்வர்டு ஸ்டைக்கன் (மார்ச் 27, 1879 – மார்ச் 25, 1973) புகழ் பெற்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆவார். இரண்டாம் உலகப் போரில் ஒரு வானூர்தி தாங்கிக் கப்பலையும் அதன் வீரர்களையும் காட்டும் த ஃபைட்டிங் லேடி (1944) என்னும் ஆவணப்படத்தை இயக்கியவர் இவரே.

வாழ்க்கைச் சுருக்கம்

லக்சம்பர்க்கில் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறினார். மில்வாக்கி நகரில் கல்லச்சுக் கலை பயின்றார். 1905 இல் ஆல்பிரட் ஸ்டீக்லிட்சுடன் இணைந்து நியூயார்க்கில் 291 என்று அறியப்பட்ட கலைக்கூடத்தைத் தொடங்கினார். முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வான்வழி ஒளிப்படப் பணிக்குத் தலைமை தாங்கினார். போருக்குப் பின் தம் ஓவியங்களைத் தீயிட்டு எரித்துவிட்டு, ஒளிப்படக்கலைக்கே தம்மை ஒப்படைத்தார். 1923 முதல் 1938 வரை வோக், வேனிட்டி ஃபேர் இதழ்களின் தலைமை ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றினார்.

கடற்படைப் பணி

1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டபோது ஸ்டைக்கனுக்கு வயது 62. முதுமையைக் காரணம் காட்டித் தரைப்படை இவரை ஏற்க மறுத்தது. கடற்படை 1942 இல் ஏற்றுக்கொண்டது. கடற்படை வானூர்திப் பிரிவின் பணியைப் பதிவு செய்ய இவர் தலைமையில் ஒரு சிறு ஒளிப்படக் குழு அமைக்கப்பட்டது. கப்பல்களும் வானூர்திகளும் காலத்தால் பழையனவாகிவிடும், மனிதர் அவ்வாறல்லர் என்று கருதிய ஸ்டைக்கன், வீரர்களையே படம்பிடிக்குமாறு குழுவினரைப் பணித்தார். 1943 இன் இறுதியில் லெக்சிங்டன் கப்பலில் தாமே பயணம் செய்தார். டிசம்பர் 4 இரவு அக்கப்பல் நீர்மூழ்கிக் குண்டினால் தாக்கப்பட்டபோதும் அதில் இருந்தார். இவ்வனுபவத்தை த புளூ கோஸ்ட் (1947) என்ற நூலாக எழுதினார்.

த ஃபைட்டிங் லேடி

பசிபிக் போரில் ஈடுபட்ட யார்க்டவுன் கப்பலே இப்படத்தின் களம். எனினும் போர்க்கால இரகசியம் கருதிக் கப்பலின் பெயர் படத்தில் சொல்லப்படவில்லை. கடற்படையினர் 16 மி.மீ. வண்ணப் படச்சுருளில் எடுத்த காட்சிகளும், வானூர்தித் துப்பாக்கிகளுடன் இணைந்து இயங்கிய ஒளிப்படக் கருவிகளின் பதிவுகளும் பின்னர் திரையரங்கிற்கு ஏற்பப் பெரிதாக்கப்பட்டன. லூயி டி ரோச்மான்ட் தயாரித்தார். நடிகர் ராபர்ட் டெய்லர் பின்னணிக் குரல் வழங்கினார். சண்டைக் காட்சிகளைவிட, சமையலறை, சலவைக்கூடம், விமானிகளின் காத்திருப்பு அறை ஆகியவற்றில் கழியும் பொழுதே மனத்தில் நிற்கிறது எனலாம். தொடக்கத்தில் முகம் காட்டிய சிலர் இறுதியில் உயிருடன் இல்லை. 1945 இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது இதற்குக் கிடைத்தது.

போருக்குப் பின்

1947 முதல் 1962 வரை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஒளிப்படத்துறை இயக்குநராக இருந்தார். போரைப் பற்றி மூன்று கண்காட்சிகள் நடத்தியும் மக்களைப் போருக்கு எதிராகத் திருப்ப முடியவில்லை என்று உணர்ந்தார். பார்த்தவர்கள் மனம் கலங்கினர், பின்னர் மறந்தனர். எனவே வழியை மாற்றிக்கொண்டு, மனிதரின் பிறப்பு, உழைப்பு, அன்பு, இறப்பு ஆகியவற்றைச் சொல்லும் 503 ஒளிப்படங்களைத் திரட்டி 1955 இல் த ஃபேமிலி ஆஃப் மேன் கண்காட்சியை அமைத்தார். இது உலகெங்கும் சுற்றிவந்தது. 1994 முதல் லக்சம்பர்க்கின் கிளெர்வோ கோட்டையில் நிலையாக வைக்கப்பட்டுள்ளது.

ஸ்டைக்கன் தம் 94 ஆவது பிறந்தநாளுக்கு இரு நாள்கள் முன்னர் கனெடிகட் மாநிலத்தில் காலமானார். 1970 இல் பணிநீக்கம் செய்யப்பட்ட யார்க்டவுன் கப்பல், 1975 இல் தென் கரொலைனாவில் அருங்காட்சியகமாக்கப்பட்டது.