யாருக்கு எந்த வேடம்? – தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

தமிழ் நாடகத்திற்கு உருவும் உயிரும் அளித்த பெரியோர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். நாடக உலகத்தார் அவரைத் தலைமை ஆசிரியர் என்றே போற்றினர். உச்சிப்புளியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் திருவிழா இரவுகளில் விடிய விடிய நடைபெறும் வள்ளி திருமணம் அவர் இயற்றிய நாடகமே.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். இளமையிலேயே வெண்பாவும் சந்தமும் அவருக்குக் கைவந்தன. ஆயினும் வயிற்றுப்பாட்டுக்கு அமைந்தது தூத்துக்குடியில் உப்புக் கணக்கு எழுதும் வேலை. தமது 24ஆம் வயதில் அதை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார். மாதச் சம்பளத்தின் அருமை தெரிந்த நம் கடற்கரை மக்களுக்கு அது எத்தகைய துணிவு என்று விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்து நாடக சபைகளில் வேடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. அரசனாகவும் கதைத்தலைவனாகவும் வருபவர் ராஜபார்ட். பெண் வேடம் புனைபவர் ஸ்திரீபார்ட். திருடனாக வருபவர் கள்ளபார்ட். சிரிக்க வைப்பவர் பபூன். கதை மாறினாலும் பார்ட் மாறாது. இன்றிரவு அர்ச்சுனனாக நின்றவர்தாம் நாளை இரவு கோவலன். ஒருவரது உடல்வாகு, குரல், முகவெட்டு, சுபாவம் ஆகியவற்றை எடைபோட்டு, இவருக்கு இது பொருந்தும் என்று முடிவு செய்பவர் வாத்தியார். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டிலும் குள்ளர், வனதேவர் என்று இனங்கள் உண்டு. ஆடுபவர் தம் போக்குக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்வார். பிடிக்காவிட்டால் மாற்றியும் கொள்ளலாம். நாடக மேடையில் அது விளையாட்டன்று, பிழைப்பு.

சுவாமிகளுக்குக் கம்பீரமான தோற்றம், எடுப்பான குரல். ஆகவே இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய பயங்கர வேடங்களே அவருக்கு வாய்த்தன. வேடம் ஆளுக்குப் பொருந்தினால் வெற்றி என்பார்கள். சுவாமிகளுக்கு அது அளவு மீறிப் பொருந்திவிட்டது. நளன் கதையில் சனீசுவரனாக நடித்த ஒரு நாள், விடியற்காலையில் வேடத்தைக் கழுவக் குளத்துக்குச் சென்றார் என்றும், எதிரே வந்த கருவுற்ற பெண்ணொருத்தி அவரைக் கண்டு நடுங்கிக் கருக்கலைந்தாள் என்றும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகிறது. சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்தபோதும் இத்தகைய துயரம் நிகழ்ந்ததாகச் சொல்வர். நடிப்புக்குக் கிடைத்த பாராட்டாக இதைச் சொல்வோர் உண்டு. சுவாமிகள் அவ்வாறு கருதவில்லை. வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார்.

அதன் பின்னர் ஆசிரியராகவும் புலவராகவும் வாழ்ந்தார். இடையில் துறவு மேற்கொண்டு தலயாத்திரை சென்றார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகனாகவே ஏற்றுத் தாளநுட்பங்களைக் கற்பித்தார். மீண்டும் நாடகத்துக்குத் திரும்பிய சுவாமிகள், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சதி சுலோசனா முதலாக நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார்.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் தோற்றுவித்தார். பின்னது முழுக்கச் சிறுவர்களைக் கொண்டது. வறுமையால் வந்த பிள்ளைகளுக்கு அங்கே சோறும் பாட்டும் கிடைத்தன. எழுத்தும் நாடகத்தின் வழியாகவே வந்தது. ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் அதுவரை பாடிய பார்ட் போய்விடும். அதுவரை தமயந்தியாகக் கண்ணீர் வரவழைத்தவன் மூலையில் உட்கார வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் என்ற முறையில், பால சபைகளின் புகழைப் பாடும்போது இதை என்னால் மறக்க இயலவில்லை.

மதுரை சபையில் சேர்ந்தவர்களே பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்றோர். அவர்கள் தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் ஸ்திரீபார்ட் நடிகர். மூன்றாமவரான சண்முகம் 1912இல் பிறந்தவர். சபைக்கு வந்தபோது வயது ஆறு. அச்சிறுவனது திறமையைக் கண்ட சுவாமிகள், அவனை அபிமன்யுவாக நிறுத்துவதற்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். வேடத்துக்கு ஆள் தேடுவதே உலக வழக்கம். இங்கே ஓர் ஆளுக்காக நாடகமே பிறந்தது! தம் உடலும் குரலும் தம்மை எமன் வேடத்திலேயே அடைத்துவைத்ததை அனுபவித்தவர் அவர். ஆளைப் பார்த்து எழுதும் கனிவு அந்த அனுபவத்திலிருந்து வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இறுதிக் காலத்தில் பக்கவாதம் தாக்கியது. ஆயிரக்கணக்கான பாடல்களைப் பொழிந்த நாவும் தடைப்பட்டது. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார்.

அவர் மறைந்த பின் பார்ட்டுகளின் வேலிகள் சிறிது சிறிதாகத் தளர்ந்தன. மேடையில் புகழ்பெற்ற கே.பி. சுந்தராம்பாள் 1935இல் திரைப்படத்தில் நந்தனாராகவே ஆண் வேடம் பூண்டார். சிறுவயதில் அபிமன்யுவாக வில்லேந்திய சண்முகமோ, வளர்ந்தபின் மூதாட்டி ஔவையாராக நடித்து ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றார்.

நம் பகுதியில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் மட்டும் பழைய பார்ட்டுகள் இன்றும் உள்ளன. ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வர், ஒத்திகை கிடையாது, பலமுறை மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பர். சுவாமிகளின் பாடல்கள் எல்லோருக்கும் மனப்பாடமாதலால் நாடகம் தடையின்றி ஓடுகிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் மட்டும் அவரவர் சொந்தச் சரக்கு வெளிப்படும். எழுத்தறியாத என் தந்தையார், யார் எந்தக் கேள்வியில் மடங்கினார் என்பதை மறுநாள் தேநீர்க் கடையில் அடி பிசகாமல் சொல்லுவார்.